இன்னும் ஒன்று சாப்பிடவில்லை

மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எங்கள் குளுவாங் ஊரில் மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம் நடக்கிறது. சென்ற மாதம் அங்கே என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். வணக்கம் என்றேன். உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குமேல் என்னிடமிருந்து வராது என்று தெரிந்துகொண்டு, "அப்படின்னா எழுதிக் கொடுங்க" என்றார்கள்.

நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் என் மகன் செல்வம் திருத்துவான். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். காகிதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

நான் எழுதுவது அஞ்சலை அக்காவின் மருத்துவமனை நாட்களைப் பற்றி. அக்கா என் கணவரின் உடன்பிறந்தவர், எனக்கு நாத்தனார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் அவர் கணவர் போய்விட்டார். அதிலிருந்து எங்களோடுதான். என் கணவரும் போய்ப் பத்து வருடம் ஆகிறது. செல்வம் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறான். ஆகவே இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் அக்காவும் நானும் மட்டும்.

வெளியில் எனக்கு வாயாக இருந்தது அக்காதான். செல்வத்தைப் பள்ளியில் சேர்த்தது, அடையாளக் கார்டு ஆபீசில் சண்டை போட்டது, கிளினிக்கில் எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டருக்குச் சொன்னது, எல்லாம் அவர். "இந்த ஊமைக்கோட்டானைக் கேட்டா பொழுது விடிஞ்சிரும். என்னைக் கேளுங்க" என்பார். எனக்குப் பிரசவ வலி வந்தபோதுகூட, "இவளுக்கு வலிக்குது" என்று சொன்னது அக்காதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேனாம்.

தோட்டத்தில் அக்காவுக்கு ஆயாக்கொட்டகையில் வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அம்மாமார்கள் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை ஒரு நீளக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில் தொங்கும். அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது ஆயாவின் பொறுப்பு. அக்காவை எல்லாரும் ஆயாம்மா என்பார்கள். இன்றைக்கும் சந்தையில் தலை நரைத்த ஆண்பிள்ளைகள், "ஆயாம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று வந்து நிற்பார்கள். செல்வமும் அந்தத் தொட்டிலில் தூங்கினவன்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் தேநீரில் உப்பு. பிறகு சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் இரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரைந்து மணி பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். அக்கா டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "செவுத்துல அம்மாம் பெரிய கடிகாரம் தொங்குது. ஒங்களுக்கு மணி பாக்கத் தெரியலன்னா என்னை ஏன் வரையச் சொல்றீங்க?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு டிமென்சியா என்று எழுதினார். அது பைத்தியம் இல்லை. மூளையில் ஞாபகம் இருக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய். புதிய ஞாபகம் முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று விளக்கினார்.

அதன்பிறகு நான் அக்காவை எதையும் தொட விடவில்லை. கத்தியை ஒளித்துவைத்தேன். சட்டைப் பொத்தானை நான் போட்டேன், வாழைப்பழத்தை நான் உரித்தேன். அதுதான் பாசம் என்று நினைத்தேன். அக்கா நாள் முழுவதும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திடீரென்று என்னைப் பார்த்து, "நேரமாச்சு, நீ நெரைக்குப் போ. புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்பார். நிரை என்றால் மரம் வெட்டுகிறவளுக்குப் பிரித்துக் கொடுத்த வரிசை. பிள்ளையை விட வந்த தாய் என்று என்னை நினைத்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அவசரப் பிரிவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன், என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி, "உட்காருங்க மக்சிக், அவங்களே கூப்பிடுவாங்க" என்று சொல்லித் தண்ணீர் போத்தலை நீட்டினார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. அக்கா இருந்திருந்தால் அந்தக் கதவைப் பத்துத் தடவை தட்டியிருப்பார். கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்ததே அவர்தான்.

தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. மூன்றாம் நாள் அறுவை செய்து உள்ளே இரும்பு வைத்தார்கள். அறுவை நல்லபடி முடிந்தது. ஆனால் மயக்கம் தெளிந்த அக்கா வேறு ஆளாக இருந்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைப் பிடுங்கினார். என்னைத் தெரியவில்லை. இதற்கு டெலிரியம் என்று பெயராம். ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கு உடம்பில் இப்படி ஒரு அடி விழுந்தால் குழப்பம் திடீரென்று கூடும். பெரும்பாலும் நாளாக நாளாகக் குறையும். இதை எனக்குத் தமிழில் சொன்னவர் மிசி விமலா, சிகாமட்டுக்காரர். தாதியை இங்கே மிசி என்போம். "பயப்படாதீங்க ஆண்ட்டி. இது வந்துட்டுப் போறதுதான் லா" என்றார்.

குழப்பம் குறைந்துகொண்டுதான் வந்தது. சாப்பாடுதான் இறங்கவில்லை. தட்டு வந்ததும் கையால் தள்ளுவார். கரண்டியைக் கொண்டுபோனால் வாயைப் பூட்டிக்கொள்வார். "இன்னும் ஒண்ணு சாப்பிடல" என்பார். மறுபடி கொடுத்தால், "இன்னும் ஒண்ணு சாப்பிடல." புலம்பல் என்று நினைத்தோம். கஞ்சி கொடுத்தோம், மீன் சூப் கொடுத்தோம். செல்வம் ஞாயிற்றுக்கிழமை வந்து, அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் இடியப்பம் வாங்கி வந்தான். அதை வாங்கி அவன் வாயிலேயே திணித்துவிட்டார். அவன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கிட்ட வருகிற பெண்களின் வயிற்றையெல்லாம் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மிசிகளைத் தொட்டார். தரை துடைக்க வந்த அம்மாவைத் தொட்டார். நான் கையைப் பிடித்து இழுத்துப் போர்வைக்குள் விடுவேன். "சோரி மிசி, சோரி" என்பேன். அந்த வாரம் நான் பேசின பேச்சில் பாதி அதுதான்.

அறுவை முடிந்து ஐந்தாம் நாள் காலை டாக்டர்கள் சுற்றி வந்தார்கள். இளைய சீன டாக்டர், நல்ல மாதிரி. மெதுவாக மலாயில் சொன்னார். சாப்பிடாமல் இருந்தால் புண் ஆறாது, நுரையீரலில் சளி கட்டும். இன்று மத்தியானமும் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் மெல்லிய குழாய் போட்டு அதில் பால் விட வேண்டும். குழாயைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையிலும் பஞ்சு உறை மாட்டிவிட வேண்டும். புரிகிறதா, சரியா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

செல்வம் போனில் கேட்டான். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"மூக்குல குழாய் போடுவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலைய ஆட்டுனேன்."

"எல்லாத்துக்கும் ஆட்டுங்க. சரி விடுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு."

போனை வைத்துவிட்டு அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தொட்டில் ஆட்டின கை. அதற்குப் பஞ்சு உறை. குழாய்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது, அந்த உறைதான் மனசுக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவர் கட்டிலில் படுத்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் நூருல் வந்தார். சின்ன வயதுப் பெண், தெரபிஸ்ட். நோயாளியைத் திரும்பவும் தன் காரியத்தைத் தானே செய்யப் பழக்குகிற வேலை. கையில் ஒரு கேள்விப் படிவம். நடப்பாரா, இல்லை. தானே கழிவறை போவாரா, இல்லை. இன்றைக்கு என்ன கிழமை தெரியுமா, தெரியாது. இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் நிறைந்தது. நூருல் அந்தக் காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது போதும் மக்சிக். இவங்களுக்கு எது நல்லா வரும்? அதைச் சொல்லுங்க."

மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு எனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆயாவாக இருந்தார். பிள்ளைகளைத் தூங்கவைப்பார். சாப்பாடு ஊட்டுவார். அழுகிற பிள்ளையும் இவரிடம் வாயைத் திறக்கும். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்து முடித்ததும் ஒவ்வொன்றின் வயிற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரு வயிறு மெத்தென்று இருந்தாலும் விடமாட்டார். எல்லாம் நிறைந்த பிறகுதான் தன் தட்டை எடுப்பார். எங்கள் வீட்டிலும் அப்படியேதான். கடைசி ஆள் சாப்பிடாமல் அக்கா வாயில் ஒரு பருக்கை போகாது.

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். நூருலும் என்னைப் பார்த்தார்.

"மக்சிக்," என்றார், "நாம இவங்களுக்கு முதல்ல கொடுத்துக்கிட்டு இருக்கோம்."

ஐந்து நாளாக அக்கா சொன்னது புலம்பல் இல்லை. இன்னும் ஆயா வேலையில் இருந்தபடி எங்களுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் மூத்த மிசியிடம் அனுமதி வாங்கி, நூருலும் விமலாவும் அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எங்கள் பகுதியில் ஆறு கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முகமே மாறிவிட்டது. ஒவ்வொரு தட்டையும் எட்டிப் பார்த்தார். "ம்" என்றார். வயிற்றைத் தொட்டார். இந்தத் தடவை விமலா முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்ததால் சிரித்துக்கொண்டே காட்டினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் லிம் பாட்டி. அவரும் மறதிக்காரர், கஞ்சியை வாயில் வைத்துத் துப்பிக்கொண்டே இருப்பார். அவர் மகள் மன்றாடிக்கொண்டிருந்தார். அக்கா கையை நீட்டினார். மகள் தயங்கி நூருலைப் பார்த்தார். நூருல் தலையசைத்துவிட்டு, பாட்டிக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றுகொண்டார். அக்கா பாட்டியின் தலையை நேராக நிமிர்த்தினார். கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்தார். தன் வாயைப் பெரிதாகத் திறந்து, "ஆ..." என்றார். லிம் பாட்டியும் ஆ என்றார். தொண்டை இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. "ராசாத்தி, அம்மா பத்து மணிக்கு வந்துருவா, அதுக்குள்ள நாம முடிச்சிரலாம்" என்று தமிழில் சொல்லிச் சொல்லி ஊட்டினார். லிம் பாட்டிக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. கிண்ணம் காலியானது. நூருல் வெற்றுப் பக்கத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து அக்காவின் தட்டை மேசையில் வைத்தோம். நான் கரண்டியை நீட்டினேன்.

வாய் பூட்டிக்கொண்டது. "இன்னும் ஒண்ணு சாப்பிடல."

நான் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். நூருல் மற்ற ஐந்து கட்டிலையும் திரும்பிப் பார்த்தார். எல்லாத் தட்டும் காலி. இரண்டு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார். விமலா முன்னால் வந்து நின்றார். "ஆயாம்மா, நானா? நான் சாப்பிட்டேன், பாருங்க."

அக்கா தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். "நீ சாப்பிட்ட. வாயெல்லாம் மொளகாச் சம்பல் வாசம். போ."

பிறகு அந்தப் புறங்கை என் பக்கம் திரும்பியது. புடவைக்கு மேலே என் வயிற்றில் வந்து அழுத்தி நின்றது. நான் உள்ளே இழுத்துக்கொண்டேன். அது இன்னும் மோசம்.

"காலி" என்றார் அக்கா, கொட்டகையே கேட்கிற குரலில்.

விமலா என் பக்கம் திரும்பினார். "ஆண்ட்டி, காலையில கேட்டேன், சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்கல்ல? நேத்தும் சொன்னீங்க."

சொல்லித்தான் இருந்தேன். யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்லிப் பழகின வாய். உண்மை என்னவென்றால், ஐந்து நாளாக மாடிப்படியில் போய் நின்றுகொண்டு, யாரும் வராத நேரம் பார்த்து, பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வருவேன். கீழே கேண்டீன் இருக்கிறது. அத்தனை பேர் நடுவில் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சம். கட்டிலை விட்டுப் போனால் அக்கா கையில் ஏறுகிற தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று ஒரு சாக்கும் இருந்தது. நான் பசியோடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. என் பெயர்கூட ஞாபகமில்லாத அக்காவுக்கு ஐந்து நாளாகத் தெரிந்திருக்கிறது.

லிம் பாட்டியின் மகள் தன் பையிலிருந்து பொரித்த மீகூன், அரிசிச் சேமியாப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பிரித்தேன்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றார் அக்கா. "தொங்கட்டான் மாதிரி தலைய தொங்கப் போடாத. வாயத் தொற."

ஆறு கட்டிலும், இரண்டு மிசியும், ஒரு தெரபிஸ்டும் பார்த்துக்கொண்டிருக்க நான் மீகூன் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கஷ்டமான காரியம் செய்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரம் என்று விமலாவிடம் சொன்னேன். பொட்டலம் முடிந்ததும் புறங்கை மறுபடி வந்தது. அழுத்தியது. எடுத்துக்கொண்டது.

"எனக்கு எங்க?" என்றார் அக்கா.

தட்டை இழுத்துக்கொண்டார். கரண்டி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்தார். சோறு, கீரை, மீன் எல்லாம் போனது. மீன் முள்ளைத் தானே பிரித்து ஓரமாக வைத்தார். மூன்று வருடமாக நான் எடுத்துக் கொடுத்த முள்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். கூட ஒரு மிசி, தட்டில் குழாயும் அந்த உறைகளும். நூருல் பேசுவார் என்று நான் நூருலைப் பார்த்தேன். நூருல் என்னைப் பார்த்தார். விமலாவும் என்னைப் பார்த்தார். அக்கா என்னவோ பல் குத்திக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். "டாக்டர்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "டாக்டர், குழாய் வேண்டாம். இவங்க சாப்பிட்டாங்க. இவங்களுக்குக் கடைசியா கொடுக்கணும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு. நானும் சாப்பிட்ட பிறகு. அப்ப சாப்பிடுவாங்க."

டாக்டர் காலித் தட்டைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். நூருல் எழுதின பக்கத்தை வாங்கிப் படித்தார். இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். மிசி குழாயையும் உறையையும் திருப்பி எடுத்துப் போனார். விமலா ஒரு அட்டையில் பெரிதாக மலாயில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். 'உணவு கடைசியாகக் கொடுக்கவும்' என்று அர்த்தம். மற்றக் கட்டில்களில் உப்பு கூடாது, சர்க்கரை கூடாது என்று எழுதியிருக்கும். எங்களுக்கு இது.

அந்த இரண்டு நாளும் அக்கா ஆறு வேளையும் சாப்பிட்டார். நானும் ஆறு வேளை சாப்பிட்டேன், வேறு வழியில்லை. லிம் பாட்டியும் தேறினார். பிறகு நடைப்பயிற்சி. நடக்கச் சொன்னால் அக்கா நடக்கமாட்டார். கடைசிக் கட்டில் சாப்பிட்டதா என்று பார்க்கணும் என்றால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நூருல் அதைத் தெரிந்துகொண்டு, தினமும் இன்னும் ஒரு கட்டில் தள்ளி இருப்பதைக் காட்டி அதுதான் கடைசிக் கட்டில் என்றார். அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். செல்வம் முன்னாலேயே வந்து குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்து, வழுக்காத பாய் போட்டு வைத்திருந்தான்.

நோய் போகவில்லை. போகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சில நாள் காலையில் என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்பார். ஆனால் நான் இப்போது வாழைப்பழத்தை உரித்துக் கொடுப்பதில்லை. அவர் எனக்கு உரித்துக் கொடுக்கிறார். துணி மடிக்கிறார், கீரை ஆய்கிறார். நூருலின் அந்தப் பக்கத்தின் நகலைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். அதில் இல்லை என்ற வார்த்தை ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தில் நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன் என்று முதலில் எழுதினேன் அல்லவா. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அக்காவையும் கூட்டிப் போயிருந்தேன், மருத்துவமனையிலிருந்து நூருலும் வந்திருந்தார். தேநீரும் கறிபாப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர், சாப்பிட்டீர்களா, சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவியை, மாமியாரை, அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்தார். நான் தடுக்கவில்லை, பின்னால் போனேன். ஆண்களுக்கு முகத்தை உற்றுப் பார்த்ததோடு சரி. பெண்களுக்குப் புறங்கை. சுற்றி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது.

மூன்று பேர் காலி. அதில் ஒருவர் நூருல்.

"உக்காரு" என்றார் அக்கா. நூருல் உட்கார்ந்தார். மூன்று பேரும் கறிபாப் தின்று முடிக்கிற வரைக்கும் அக்கா சட்டத்தில் சாய்ந்து நின்றார். பிறகு தட்டில் கடைசியாகக் கிடந்த ஒன்றை எடுத்து, நாற்காலி தேடி உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தார்.